பிள்ளையின் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கியது யார்?

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகிற ரோட்டில் இருக்கிறது ஆமத்தூர். ஒரு நாள் காலையில் அந்தப் பக்கத்து நிறுத்தங்களில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். முதலில் கம்பெனி வண்டிகள் வரும். பட்டாசுக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் ஆளை அள்ளிப் போட்டுக்கொண்டு போகும். பிறகு டவுன் பஸ் வரும். அதில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஏறும். வண்டியில் போகிறவளும் பஸ்ஸில் போகிறவளும் ஒரே தெருவில் பிறந்து, ஒன்றாகத் தட்டாங்கல் விளையாடினவர்கள். ஒருத்தி கையில் தூக்குவாளி. இன்னொருத்தி தோளில் புத்தகப் பை. போன வருசம் பையோடு நின்றவள் இந்த வருசம் தூக்குவாளியோடு நிற்பாள். அடுத்த வருசம் அந்த இடத்தில் அவளைக் காணோம். கேட்டால், "அவளுக்குத்தான் கல்யாணம் முடிஞ்சிருச்சே, மாசமா இருக்கா" என்பார்கள். வயசு பதினாறோ பதினேழோ இருக்கும்.

இதைப் பற்றித் தலையங்கம் எழுத ஒரு காரணம் இருக்கிறது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

சில வருசங்களுக்கு முன்னால் அந்தப் பகுதியில் ஒரு காலனியிலிருந்து நம் தோழர்களைத் தேடி ஆள் வந்தது. பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, நாலு மாசம். காரணமானவன் சொந்தத்துக்குள்தான், இருபத்திரண்டு வயசு. "ஊரு சிரிக்கிறதுக்குள்ள முடிச்சு விடுங்க தோழர்" என்றார்கள் பெரியவர்கள். நம் ஆட்கள் போனார்கள். பாய் விரித்து உட்கார்ந்தார்கள். இரண்டு பக்கமும் பேசி, வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி, வெள்ளிக்கிழமை கோயிலில் தாலி கட்டுவதென்று முடித்துவிட்டு வந்தார்கள். எழுதின பேனா நம் தோழருடையது. எழுதின வீட்டுச் சுவரில் பாபாசாகேப் படம் தொங்கிக்கொண்டிருந்தது.

எல்லாம் முடிந்து தேத்தண்ணி குடிக்கிறபோது, அதுவரைக்கும் யாரும் எதுவும் கேட்காத அந்தப் பிள்ளை கதவுக்குப் பின்னாலிருந்து ஒன்று கேட்டது: "அண்ணே, பரீச்சை எழுத விடுவாகளா?"

யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு பெரியவர் மட்டும், "இனிமே ஒனக்கு என்னத்துக்குத்தா பரீச்சை?" என்றார். வன்மமாகச் சொல்லவில்லை, பாசமாகத்தான் சொன்னார். பள்ளிக்கூடத்திலும் யாரும் திட்டவில்லையாம். "மத்த பிள்ளைகளும் இருக்குல்லம்மா, டி.சி.ய வாங்கிட்டுப் போயிருங்க" என்று தன்மையாகவே சொல்லியிருக்கிறார்கள். இப்படிக் கூச்சல் இல்லாமல், அடிதடி இல்லாமல், எல்லாருமே நல்லவர்களாக இருந்து ஒரு பிள்ளையின் படிப்பை முடித்துவைத்தோம்.

2012-இன் போக்சோ சட்டப்படி நடந்தது குற்றம். 2006-இன் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி அந்தக் கல்யாணத்தை நடத்திவைத்தவனும் குற்றவாளி. இரண்டு வருசம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். நடத்திவைத்தவர்களில் நாமும் உண்டு. ஊரெல்லாம் சுவரில் 'கற்பி' என்று எழுதுகிறவர்கள்தான் அன்றைக்கு அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தோம்.

* * *

வழக்கமாக என்ன சொல்கிறார்கள்? "புள்ள வயித்துல வாங்கிக்கிட்டா, அதனால படிப்பு போச்சு." எது முந்தி எது பிந்தி என்று நாம் ஒழுங்காகக் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. நம் பகுதியில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். முதலில் படிப்பு நிற்கிறது. அப்பாவுக்கு நெஞ்சுவலி, அட்வான்ஸ் வாங்கின கடன், தம்பி படிக்கணும், ஏதோ ஒரு காரணம். பிள்ளை வீட்டில் உட்காருகிறது. குழாய் உருட்டுகிறது, பெட்டி ஒட்டுகிறது. சமைந்த பிள்ளையை எத்தனை நாளைக்கு வீட்டில் வைத்துக்கொள்வது என்று நாலு பேர் கேட்கிறார்கள். அப்புறம் மாப்பிள்ளை. அப்புறம்தான் வயிறு. படிப்பு போனதால் வயிறு வந்தது என்பதே பல வீடுகளின் கதை.

இதில் சட்டமும் ஒரு வேலை செய்திருக்கிறது. வயசை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதிலிருந்து பதினாலு வயது வரைதான். அதற்குமேல் படிப்பது அவரவர் பாடு. பட்டாசு மருந்தில் கை வைக்க, 2016-இல் திருத்தின சட்டப்படி, பதினெட்டு முடிந்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கும் பதினெட்டு. அப்படியானால் பதினாலுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் நாலு வருசம். அந்த நாலு வருசம் நம் பிள்ளை எங்கே இருக்க வேண்டும்? பள்ளிக்கூடம் அவளுக்கு உரிமை இல்லை. கம்பெனியில் வேலை சட்டப்படி கூடாது. கல்யாணமும் கூடாது. எல்லாக் கதவையும் சாத்திவிட்டு, நடுத்தெருவில் நிறுத்திவிட்டு, "பத்திரமா இருத்தா" என்றால் அவள் எங்கே போவாள்? சட்டம் காட்டாத வழியை ஊர் காட்டுகிறது. தாலி.

1996 டிசம்பர் 10-ஆம் தேதி எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்களுக்காகத் தீர்ப்பு எழுதியது. ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் என்று முதலாளி கட்ட வேண்டும், அந்த வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலை தரவேண்டும் என்றெல்லாம் சொன்னது. பத்து வயசுப் பிள்ளைகளை விடியுமுன்னே தூக்கத்தோடு வண்டியில் ஏற்றின காலம் போனது. அது பெரிய மாற்றம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சின்னப்பிள்ளையை மீட்டெடுத்த நாடு, அவள் பெரியபிள்ளை ஆனதும் கையை விட்டுவிட்டது.

2023-இல் பிளஸ் டூ தேர்ச்சியில் விருதுநகர் மாவட்டம் தமிழ்நாட்டிலேயே முதலிடம், 97.85 விழுக்காடு. காமராசர் பிறந்த மண் என்று பெருமைப்பட்டோம். நமக்கும் சந்தோசம்தான். ஆனால் இந்த விழுக்காடு பரீச்சை எழுதினவர்களை வைத்துப் போட்ட கணக்கு. ஒன்பதாம் வகுப்பில், பத்தாம் வகுப்பில் பெயர் வெட்டப்பட்ட பிள்ளை இந்தக் கணக்கில் தோற்கவும் இல்லை, ஜெயிக்கவும் இல்லை. அவள் இந்தக் கணக்கிலேயே இல்லை.

தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்வதையும் பாருங்கள். 20 முதல் 24 வயதுப் பெண்களில் பதினெட்டுக்கு முன்பே கல்யாணமானவர்கள், தமிழ்நாட்டில் 2015-16 ஆய்வில் 16.3 விழுக்காடு, 2019-21 ஆய்வில் 12.8 ஆகக் குறைந்தது. அதே இரண்டு ஆய்வுகளுக்கு இடையில், 15 முதல் 19 வயதுக்குள் தாயானவர்கள் அல்லது மாசமாக இருந்தவர்கள் 5.0-லிருந்து 6.3 ஆகக் கூடியிருக்கிறார்கள். கல்யாணத்தை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசிக்க வேண்டும்.

* * *

நம் ஆத்தா அப்பன்களைக் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். "படிப்பறிவில்லாத சனம், பிள்ளையைப் பிடிச்சுக் குடுத்துர்றாக" என்று அதிகாரிகள் மேடையில் பேசுவதை நாம் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆத்தாவுக்குப் பயம் இருக்கிறது. பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. அவள் விடிகாலையில் மருந்துக்குள் கை வைக்கப் போகிறவள். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் ஒரே வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கருகிச் செத்தார்கள். 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேல். காலையில் போனவள் சாயங்காலம் வருவாளா என்பதே நிச்சயமில்லாத பிழைப்பு. "நான் இருக்கும்போதே ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுத்துட்டா நிம்மதி" என்று அவள் சொல்வதில் முட்டாள்தனம் எங்கே இருக்கிறது?

இன்னொரு பயமும் உண்டு. அதற்குச் சாதி என்று பெயர். சேரிப் பிள்ளையைத் தொட்டால் கேட்பதற்கு ஆள் இல்லை என்று காட்டிலும் ரோட்டிலும் கம்பெனியிலும் கை நீட்டுகிறவன் இருக்கிறான். வேறு சாதிப் பையனோடு பழகினால் ஊரே எரியும் என்ற பயம் இருக்கிறது. தர்மபுரியில் 2012 நவம்பரில் நத்தம் காலனி எரிந்ததை நாம் மறக்கவில்லை. இத்தனை பயத்துக்கும் சேர்த்து ஒரே மருந்தாகத் தாலியை எடுத்து நீட்டுகிறார்கள்.

ஆனால் தோழர்களே, அந்த மருந்து யாருடைய கடையில் வாங்கியது? 1916-இல், இருபத்தைந்து வயசில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர் இதை உடைத்துச் சொல்லிவிட்டார். உடன்கட்டை, விதவைக் கொடுமை, சிறுமிக் கல்யாணம் மூன்றும் சாதிக்குள்ளேயே மணமுடிக்கும் ஏற்பாட்டைக் கட்டிக்காக்க வந்தவை; மேலே இருந்தவன் செய்ததைக் கீழே இருந்தவன் பார்த்துப் பழகினான் என்றார். 1891-இல் சிறுமிகளின் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தச் சட்டம் வந்தபோது அதை எதிர்த்து நின்றவர் திலகர். 1929-இல் சாரதா சட்டம் பதினாலு வயசு என்றபோதும் சாஸ்திரம் போச்சு, மதம் போச்சு என்று கூப்பாடு போட்டார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இன்றைக்குப் படித்து அமெரிக்கா போய்விட்டார்கள். அவர்கள் கழற்றிப் போட்ட பழைய சட்டையை நாம் எடுத்து மாட்டிக்கொண்டு 'நம்ம பண்பாடு' என்கிறோம்.

1942 ஜூலையில் நாக்பூரில் கூடிய ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில் அம்பேத்கர் நம் ஆத்தாக்களிடம் கேட்டுக்கொண்டது என்ன? பிள்ளைகளைப் படிக்க வையுங்கள், கல்யாணத்துக்கு அவசரப்படாதீர்கள், கல்யாணம் ஒரு சுமை என்பதே. சிலைக்கு மாலை போடுகிற நாம் அந்தப் பேச்சை எத்தனை காலனியில் சொல்லியிருக்கிறோம்?

* * *

சரி, தடுக்க முடியாமல் போய்விட்டது. பிள்ளை மாசமாக இருக்கிறாள். அப்புறம் என்ன நடக்கிறது?

பதினெட்டு முடியாத பிள்ளை வயிற்றோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி மருத்துவர் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்கே தண்டனை உண்டு. பிள்ளைகளைச் சூறையாடுகிறவனைப் பிடிக்க வந்த சட்டம் அது, வேண்டும்தான். ஆனால் போலீசு வந்துவிடும் என்று பயந்து ஆத்தா பிள்ளையை ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போவதில்லை. வயசைக் கூட்டிச் சொல்கிறாள். இல்லையென்றால் மருந்துக்கடையில் எதையோ வாங்கிக் கொடுக்கிறாள். ஏழாம் மாசம் காலெல்லாம் வீங்கி, கண் வெளுத்து, வலிப்பு வந்த பிறகு தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். இருபது வயசுக்கு உட்பட்ட தாய்க்கு வலிப்பு நோயும் பிரசவத்துக்குப் பிந்தின தொற்றும் கூடுதலாக வருகிறது, பிள்ளை எடை குறைந்து பிறக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்குமேல் ரத்தசோகை உள்ளவர்கள். ரத்தமே இல்லாத உடம்பு இன்னொரு உடம்பைச் சுமக்கிறது.

அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயர் வைத்திருக்கிறார்கள். மொத்தம் 18,000 ரூபாய். ஆனால் பத்தொன்பது வயசு நிறைந்திருக்க வேண்டும். சின்ன வயசில் பிள்ளை பெறுவதை ஊக்குவிக்கக் கூடாதாம். பணத்துக்காகவா இந்தப் பிள்ளைகள் வயிற்றை வாங்கின? யாருக்குச் சத்துணவு அதிகமாகத் தேவையோ அவளுக்குத்தான் இல்லை என்கிறார்கள். தப்பு செய்தவன் எவனோ, பட்டினி கிடப்பவள் இவள்.

நம் தோழர்களும் மாணவர்களும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய தீர்ப்பு ஒன்று உண்டு. 2022 செப்டம்பர் 29-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னது இது: பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பெண் கருக்கலைப்புக்கு வந்து, அவளும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் போலீசுக்குத் தகவல் தரும்போது அவள் பெயரையோ அடையாளத்தையோ சொல்ல வேண்டியதில்லை. 2021-இல் திருத்திய சட்டப்படி இந்த வயதுப் பிள்ளைகள் இரண்டு மருத்துவர்களின் ஒப்புதலோடு 24 வாரம் வரை கருவைக் கலைக்கலாம். பாதுகாவலரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும். கலைப்பதா பெறுவதா என்பதை அந்தப் பிள்ளையின் மனசறிந்து முடிவு செய்ய வேண்டும். பஞ்சாயத்துக்கு அதில் இடமில்லை, நமக்கும் இல்லை. கல்யாணம் முடிந்துவிட்ட பிள்ளைக்கும் ஒரு வழி உண்டு. குழந்தைத் திருமணத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கேட்கிற உரிமை அவளுக்கு இருக்கிறது. பதினெட்டு முடிந்து இரண்டு வருசம் வரை கேட்கலாம். "தாலி கட்டியாச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்பது பொய்.

போக்சோவின் மறுபக்கத்தையும் நாம் பார்த்திருக்கிறோம். பதினேழு வயசுப் பெண்ணும் பத்தொன்பது வயசுப் பையனும் விரும்பிச் சேர்ந்தால், பையன் நம் சாதியாக இருக்கும்போது இந்தச் சட்டம் வேகமாக ஓடிவருகிறது. 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், வளரிளம் பருவத்துக் காதலைத் தண்டிக்க இந்தச் சட்டம் கொண்டுவரப்படவில்லை என்று சொல்லி ஒரு வழக்கையே ரத்து செய்தது. சிறுமியைச் சீரழித்தவனும் சேர்ந்து சுற்றின சின்னப்பையனும் ஒன்றல்ல. ஆனால் இதைச் சாக்காக வைத்து, இருபத்திரண்டு வயசு, முப்பது வயசு மாமன் மச்சானை நாம் காப்பாற்றப் போவதும் அயோக்கியத்தனம்.

* * *

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். இந்தப் பிள்ளைக்கு டி.சி. கொடுக்கிறவர்கள் எந்தச் சட்டத்தையும் காட்டிக் கொடுப்பதில்லை. 'மத்த பிள்ளைக கெட்டுப்போயிரும்' என்ற ஒரு வாக்கியம் அவர்களுக்குப் போதும். தீட்டு என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில், எட்டாம் வகுப்புத் தலித் மாணவியை மாதவிடாய் என்பதற்காக வகுப்புக்கு வெளியே படியில் உட்காரவைத்துப் பரீச்சை எழுதவைத்தார்கள். மாதவிடாய்க்கே வாசல்படி என்றால் வயிற்றோடு வருகிறவளுக்கு எந்த இடம்?

பையனுக்கு மட்டும் யாரும் டி.சி. கொடுத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. காரணமானவன் பாலிடெக்னிக் போகிறான், கம்பெனிக்குப் போகிறான், திருவிழாவில் ஆடுகிறான். கெடுகிற சாமானெல்லாம் பிள்ளைகளிடத்தில் மட்டும்தான் இருக்கிறதா?

இதே கதை உலகமெல்லாம் நடந்திருக்கிறது. சியரா லியோனில் 2015-இல் மாசமான மாணவிகள் பள்ளிக்கு வரக்கூடாது என்று அரசே தடை போட்டது. போராடினார்கள். 2019 டிசம்பரில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் நீதிமன்றம் அது தவறு என்றது. 2020 மார்ச்சில் தடை போனது. தான்சானியாவில் 2017-இல் ஒரு குடியரசுத் தலைவர், பிள்ளை பெற்றவள் திரும்பிப் பள்ளிக்கு வரவே கூடாது என்று மேடையில் முழங்கினார். 2021 நவம்பரில் அந்த நாடு திருந்தியது. கென்யாவில் 1994 முதலே பிள்ளை பெற்றவள் பள்ளிக்குத் திரும்பலாம் என்று கொள்கை உண்டு. நம் நாட்டிலும் பல்கலைக்கழக மானியக் குழு 2021 டிசம்பரில், மாணவிகளுக்கு மகப்பேறு விடுப்பும் வருகைப்பதிவுச் சலுகையும் தர விதி செய்யுங்கள் என்று பல்கலைக்கழகங்களுக்கு எழுதியது. முனைவர் பட்டம் படிக்கிற அம்மாவுக்குக் கதவு திறக்கிறது, நல்லது. பத்தாம் வகுப்புப் படிக்கிற நம் பிள்ளைக்கும் அதே கதவு வேண்டும் என்கிறோம்.

இதற்கு ஆப்பிரிக்காவுக்கும் போக வேண்டாம். 1848-இல் புனேயில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கின சாவித்திரிபாய் புலேயும் ஜோதிராவும், 1863-இல் என்ன செய்தார்கள் தெரியுமா? ஏமாற்றப்பட்டு வயிற்றில் பிள்ளையோடு நின்ற விதவைகளுக்குத் தங்கள் இடத்தில் ஒரு விடுதி திறந்தார்கள். வா, பெற்றுக்கொள், பிள்ளையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அப்படி வந்த ஒரு பார்ப்பன விதவையின் பிள்ளையைத் தங்கள் மகனாக வளர்த்தார்கள். பள்ளிக்கூடத்தையும் பிரசவ விடுதியையும் ஒரே கையால் திறந்த அம்மா அவர். நாம் அவர் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

தடுப்பதற்கும் பாடம் சொல்லித்தர வேண்டாமா? பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இனப்பெருக்கப் பாடம் இருக்கிறது. அந்தப் பாடம் வந்ததும் "வீட்டுல படிச்சுக்கங்க" என்று பக்கத்தைத் தள்ளுகிற ஆசிரியர்கள் உண்டு. உடம்பைப் பற்றிப் பேசினால் பிள்ளைகள் கெட்டுவிடுமாம். பேசாததால்தான் மூன்று மாசம் தள்ளிப்போயும் என்னவென்று தெரியாமல் இருக்கிறார்கள். 1938 நவம்பரில் பம்பாய் சட்டமன்றத்தில், கருத்தடை பற்றி மக்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், வசதியும் செய்து தர வேண்டும் என்று அம்பேத்கர் சார்பில் ரோகம் பேசினார். அன்றைக்கு அதைத் தோற்கடித்தார்கள். தமிழ்நாட்டில் பெரியார் கருத்தடையைப் பெண் விடுதலையாகவே பேசினார். அந்தப் பேச்சை இன்றைக்கு நம் தெருவில் எடுத்தால் நம்மவர்களே முகம் சுளிக்கிறார்கள்.

அரசை முழுக்கக் குறை சொல்லவில்லை. 1989-இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் வந்தது. பிறகு அது தாலிக்குத் தங்கமானது. 2022-இல் அதையே உயர்கல்வித் திட்டமாக மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு மாசம் 1,000 ரூபாய் என்றார்கள். தேவதாசி முறையை எதிர்த்துப் போராடின அந்த அம்மையாருக்கு அதுதான் சரியான மரியாதை. ஆனால் நம் பிள்ளை கல்லூரி வாசல் வரை வந்தால்தானே அந்த ஆயிரம்? ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு முடிக்கிற வரை அவளைப் பிடித்து நிறுத்த என்ன ஏற்பாடு?

* * *

ஆகவே நாம் கேட்பது இவை.

கல்வி உரிமை பதினெட்டு வயது வரை வேண்டும். மாசமாக இருக்கிறாள், கல்யாணம் ஆகிவிட்டது, பிள்ளை பெற்றவள் என்ற காரணங்களால் எந்த மாணவியின் பெயரையும் வெட்டக் கூடாது என்று பள்ளிக் கல்வித்துறை எழுத்தில் ஆணை போட வேண்டும். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் விடுப்பு, வருகைப்பதிவில் சலுகை, விட்ட பரீச்சைக்கு மறுபரீச்சை, அதே வகுப்பில் மறுபடி இடம் வேண்டும். விரும்பினால் வேறு பள்ளியில் சேர உதவ வேண்டும். பிள்ளையை விட்டுவிட்டுப் போக அங்கன்வாடியில் இடம் வேண்டும். இடையில் நின்று திரும்பி வந்தவளுக்கும் உயர்கல்வி உதவித்தொகை வேண்டும். மகப்பேறு உதவியில் வயசைக் காட்டிச் சோற்றைப் பிடுங்கக் கூடாது. சுகாதார நிலையத்தில் அவளை விசாரணைக் கைதிபோல நடத்தாமல், பெயரைக் காக்க வேண்டும்.

அரசிடம் கேட்பதோடு நம் வேலை முடியவில்லை. நமக்கு நாமே போட்டுக்கொள்ள வேண்டிய கட்டளைகள் உண்டு.

ஒன்று: இனிமேல் நம் இயக்கத்தார் யாரும் பதினெட்டு முடியாத பிள்ளையின் விசயத்தில் பாயில் உட்காரக் கூடாது. 1098-க்குப் போன் பண்ணுங்கள். மாவட்டச் சமூகநல அலுவலரிடம் போங்கள். பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்கும் நீதிமன்றத்துக்கும் கூடப் போய் நில்லுங்கள். சமரசம் எழுதப் பேனா நீட்டாதீர்கள்.

இரண்டு: பிறப்புச் சான்றிதழைப் பார்க்காமல் எந்தக் கல்யாணத்துக்கும் தலைமை தாங்கக் கூடாது. அது சுயமரியாதைத் திருமணமாக இருந்தாலும் சரிதான். மாலை மாற்றிக்கொண்டால் மட்டும் பதினாறு பதினெட்டாகிவிடாது.

மூன்று: ஒவ்வொரு காலனியிலும் இரண்டு பெண் தோழர்கள், தொடர்ந்து மூன்று நாள் பள்ளிக்குப் போகாத பிள்ளையின் வீட்டுக்குப் போய் "என்னத்தா, ஏன் போகல?" என்று கேட்க வேண்டும். 2025 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பதின்மூன்று வயசு மாணவிக்கு நடந்த கொடுமை, பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்டுப் போனபிறகுதான் வெளியே வந்தது. மூன்று ஆசிரியர்கள் கைதானார்கள். ஒரு கேள்வி அவ்வளவு வேலை செய்யும்.

நான்கு: நம் இரவுப்பள்ளிகளில், படிப்பகங்களில் ஒரு தொட்டில் கட்டுங்கள். பிள்ளையோடு வருகிறவள் படிக்கட்டும். தனித்தேர்வராக எழுத விண்ணப்பம் நிரப்பிக் கொடுங்கள். மாணவத் தோழர்களே, உங்கள் பழைய புத்தகத்தைப் பழைய பேப்பர் கடையில் போடாதீர்கள்.

ஐந்து: பையன்களை உட்காரவைத்துப் பேசுங்கள். உடம்பைப் பற்றி, சம்மதம் பற்றி, ஆணுறை பற்றிப் பேசுங்கள். பிள்ளைகளுக்கு மட்டும் புத்தி சொல்லிச் சொல்லியே நாம் கெட்டோம்.

இதெல்லாம் சுலபம் என்று சொல்லவில்லை. 1992-இல் ராஜஸ்தானில், குயவர் சமூகத்தைச் சேர்ந்த பன்வாரி தேவி ஒரு கைக்குழந்தையின் கல்யாணத்தைத் தடுக்கப் போனார். அந்த ஆதிக்கசாதிக்காரர்கள் அவரைக் கூட்டாக வன்கொடுமை செய்தார்கள். 1995-இல் கீழ்நீதிமன்றம் அந்தக் குற்றத்திலிருந்து அவர்களை விடுதலை செய்தது. அவர் ஓயவில்லை. அவர் வழக்கை ஒட்டித்தான் 1997-இல் வேலையிடத்துப் பாலியல் கொடுமைக்கு எதிராக உச்ச நீதிமன்றம் விசாகா நெறிமுறைகளைக் கொடுத்தது. தடுக்கப் போகிறவளுக்குச் செலவு உண்டு. அந்தச் செலவில் நாம் பங்கு போட்டுக்கொள்ள வேண்டாமா?

கதவுக்குப் பின்னாலிருந்து கேட்ட அந்தப் பிள்ளைக்கு இப்போது ஒரு மகள். பெட்டி ஒட்டுகிறாள். போன மாசம் நம் தோழர் ஒருவர் அந்தத் தெரு வழியாகப் போனபோது, கையிலிருந்த பசையைத் துடைத்துவிட்டு எழுந்து வந்திருக்கிறாள். பழசையெல்லாம் பேசவில்லை. "அண்ணே, பத்தாப்பு புத்தகம் மாறிப்போச்சா? பழசு போதுமா?" என்று மட்டும் கேட்டாளாம்.

அன்றைக்குப் பதில் சொல்லாமல் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தவர்கள் நாம். இந்தத் தடவையும் தலையைக் குனிந்துகொண்டு வந்தால், சுவரில் எழுதியிருக்கிற 'கற்பி' என்ற சொல்லை நாமே அழித்துவிடுவது நல்லது.

புத்தகம் போய்ச் சேர்ந்துவிட்டது. விண்ணப்பம் நிரப்ப வேண்டும். மகளை யார் பார்த்துக்கொள்வது என்பதை அந்தத் தெருவில் பேசிக்கொண்டிருக்கிறோம். உங்கள் தெருவிலும் ஒருத்தி இருப்பாள். போய்க் கேளுங்கள்.

– ஆசிரியர் குழு